இலைக்கும் நரம்பு, உனக்கும் நரம்பு

மாப்ளே, இதையெல்லாம் நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்று ஒட்டன்சத்திரத்தில் ஒரு கடையில் பூசணி விதையைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, ‘மெக்னீசியம் நிறைந்தது, மூளைக்கும் நரம்புக்கும் நல்லது’ என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். மலைமேல் நம் ஆடலூரில் நாம் வழித்துக் குப்பைக்குழியில் போட்ட அதே விதை. இந்த மலைக்கு மெக்னீசியத்தை முதலில் சொன்னதே நான்தான் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நீ வண்டியில் சௌசௌவும் மலைவாழையும் ஏற்றிக்கொண்டு வெள்ளனே மலை இறங்குவாய். பக்கத்து சீட்டில் நான். நான் போய் இறங்காமல் மார்க்கெட்டில் ஏலமே தொடங்காது. ஒரு மழைக்காலத்தில்தான் உன் இடது கண் இமை துடிக்க ஆரம்பித்தது. ஆணுக்கு இடக்கண் துடித்தால் ஆகாது என்று உன் வீட்டுக்காரி பழனிக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு விரல் நடுங்கியது. ஒருநாள் கன்னிவாடிக்கு மேலே கொண்டை ஊசி வளைவில், பிரேக்கை மிதித்திருந்த காலில் குரக்குவலி இழுத்துக் கால் கட்டையாகிவிட்டது. நான் பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தேன். எதிரே வந்த யானைக்கூட்டமே ஒதுங்கி நின்றது. சரி, யானை இல்லை, ஒரு பஸ். நின்றது உண்மை.

அன்றைக்கே சாவி உன் வீட்டுக்காரியின் அரிசிப் பானைக்குள் போய்விட்டது. “அண்ணே, இனி இந்த ஆளு வண்டியத் தொட்டா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள். நீ வாசலில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“ஸ்டியரிங் இல்லாம இந்தக் கைய வச்சு நான் என்ன செய்ய, மச்சான்?”

அப்போதுதான் நான் காப்பிச் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் காட்டினேன். நடுவெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இது மெக்னீசியக் குறைச்சல், இலைக்கும் நரம்பு, உனக்கும் நரம்பு, இரண்டுக்கும் ஒரே சீக்கு என்றேன்.

“அப்ப மருந்தடிக்கிற டேங்க்கைத் தூக்கிட்டு வா. சட்டையக் கழட்டிட்டு நிக்கிறேன்” என்றாய்.

திண்டுக்கல் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து அதே பெயரைச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்கு நீ வருஷக்கணக்காக விழுங்கிய மாத்திரை, மெக்னீசியத்தை உடம்பில் சேரவிடாமல் செய்திருக்கிறதாம். அது குறைந்தால் நரம்பு அடங்காதாம். வேண்டாத நேரத்தில் எல்லாம் தசையை உசுப்பிவிடுமாம். பிரேக் இல்லாத லாரி என்று சொல்லுங்கள் என்றேன். டாக்டர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். நாற்காலியைக்கூடக் கொடுத்திருப்பார், நான்தான் வேண்டாம் என்றேன்.

மாத்திரையை மாற்றினார், மெக்னீசியம் கொடுத்தார், மறுபடி பார்க்கும்வரை வண்டி எடுக்கக் கூடாது என்றார். கீரையும் கேழ்வரகும், குழிக்குப் போகவேண்டிய பூசணி விதையுமாக உன் வீட்டுக்காரி உன்னைத் திணறடித்தாள். நடுக்கம் அடங்கி, டாக்டரும் சரி என்ற அன்று, அரிசி ஒட்டியிருந்த சாவியை அவளே உன் கையில் வைத்தாள். போன ஐப்பசியில் மாரடைப்பு வந்து உன்னைக் கொண்டுபோகும்வரை நீதான் ஓட்டினாய்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த இலையை நான் கிள்ளியது டாக்டரிடம் போய்த் திரும்பிய பிறகுதான். அதற்குமுன் அந்தப் பெயரை நான் உரமூட்டையில்கூடப் படித்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உனக்காகக் காத்திருந்தபோது நானும் பழனிக்குத்தான் நேர்ந்துகொண்டேன். உனக்கு இதெல்லாம் தெரியும். இருந்தும் டீக்கடையில் நான் இந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் நீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாய்: “நெசந்தாங்க. டாக்டருக்கு முன்னாடியே மச்சான் சொல்லிப்புட்டாரு.”

இப்போதும் கதையைச் சொல்லி முடித்ததும், அந்த ‘நெசந்தாங்க’வுக்காகக் கொஞ்சம் நிறுத்துகிறேன், மாப்ளே.