என்மேல் இறங்கியது ஆவியானவர் அல்ல

அன்பு மகள் லனெட்டுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உன் அம்மா சுகம், அவள் முழங்கால் பாதி சுகம், தோட்டத்துக் கீரை போன மழைக்குப் பிறகு நல்ல சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் வந்தேன், கை எழுத மாட்டேன் என்கிறது, அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். நீ என்னோடு போனில் பேசி நாளாகிறது, தப்பு உன்னுடையது இல்லை. "அப்பா, அது ஆவி இல்லப்பா, பயம். எனக்கும் வரும், எனக்குத் தெரியும்" என்று, சபையில் எனக்கு நடந்ததை அம்மாவிடம் கேட்டுவிட்டு நீ சொன்ன அடுத்த நொடி போனை வைத்தவன் நான்தான். அதற்கு முன்பும், நீ அங்கே ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறாய் என்று சொன்னபோது, "காசு குடுத்து அழுறியா, அதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்மா" என்று சிரித்தவனும் நான்தான். இப்போதெல்லாம் அம்மா உன்னோடு பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய்விடுகிறாள். என் வீட்டில் என் மகளிடம் என் மனைவி ஒளிந்து பேச வேண்டியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது லனெட், அதனால்தான் எழுதுகிறேன், எழுதினால் போனைப் போல நடுவில் வைத்துவிட முடியாது.

முதலில் நம் வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த வாரம் பின்வாசல் கதவுக்குப் பெயிண்ட் வாங்கப் போயிருந்தேன், காசு கட்டும் வரிசையில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு பாதியில் நின்றது, கைகால் எல்லாம் உதறல். பக்கத்து அடுக்கைப் பிடித்தேன், டப்பாக்கள் சரிந்து விழுந்தன. ஒருவரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கடை மேனேஜர் போலீஸுக்குப் போன் போட்டு, "ஆமா சார், நல்ல உசரம், கருப்பு ஆளு, போதை போட்டிருக்கான்போல, சீக்கிரம் வாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. உனக்குத் தெரியும், இந்த ஆறடி உடம்பைக் கடைகளில் சின்னதாக்கிக் காட்டவே நான் வாழ்நாள் முழுக்கப் பழகியவன். பாக்கெட்டில் கை விட மாட்டேன், ரசீதை வெளியே தெரிகிற மாதிரி பிடிப்பேன், அவர்கள் முறைப்பதற்கு முன்பே நான் சிரித்துவிடுவேன். அன்று அத்தனை பழக்கமும் கைவிட்டுவிட்டது. பெயிண்டைப் போட்டுவிட்டு எப்படியோ காருக்கு வந்து, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டு, உதறல் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன், நல்லவேளை, அதற்குள் போலீஸ் வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட நினைக்கவே இல்லை. கூப்பிட்டால் அதற்கு முன்பே போலீஸ் வந்து நிற்குமோ என்ற பயம், அந்தப் பயம் நம் தெருவில் எந்த வீட்டில் இல்லை சொல்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு, வழக்கம்போல வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கச் சபை வாசலில் நின்றேன். பாடகர் குழு இரண்டாவது பாட்டை எடுத்ததும் அதேதான் வந்தது. அதே நெஞ்சு, அதே மூச்சு, அதே உதறல். முழங்கால் மடங்கியது, தரைக்குப் போவதற்கு முன்பே பத்துக் கை என்னைத் தாங்கிவிட்டது. சபை நர்ஸ் அம்மாக்கள் சவப்பெட்டிக் கடை விளம்பரம் போட்ட அந்த அட்டை விசிறிகளால் வீசுகிறார்கள், ஒருத்தி என்மேல் வெள்ளைத் துணி போர்த்துகிறாள், ஆர்கன் வேகமெடுக்கிறது, எதிர் வாசலில் அதே வேலை பார்க்கும் நம் லூஷியஸ் ஓடி வந்து என் மூக்குக்கண்ணாடி உடையாமல் கழற்றிக்கொண்டு, "விடுங்க, விடுங்க, தடுக்காதீங்க, ஆவியானவர் வேலை செய்யறார்! நம்ம மரக்கட்டை ஆமோஸே அசைஞ்சிட்டான்யா!" என்று கத்துகிறான். ஆராதனையில் ஊரே ஆடினாலும் ஒரு விரலைக்கூட அசைக்காமல் நிற்பவன் நான் என்பது சபைக்கெல்லாம் பழைய கேலி. அன்று எனக்காக அழாத ஆள் இல்லை. தரையில் கிடந்தபடி ஒன்று தோன்றியது. கடையில் போலீஸைக் கூப்பிட வைத்த அதே உதறலுக்கு இங்கே விசிறி வீசுகிறார்கள். என்னைப் போன்ற ஒருவன் பயமில்லாமல் நடுங்கலாம் என்றால் உலகத்திலேயே அந்தத் தரை ஒன்றுதான். அந்த இடத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் எழுந்து உட்கார்ந்து, இது ஆவியானவர் இல்லை என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு போதகர் கையில் மைக்கைக் கொடுத்தார், நான் சாட்சி சொன்னேன். கர்த்தர் என்னைத் தொட்டார் என்றேன், எலும்புக்குள் நெருப்பு மாதிரி இறங்கியது என்றேன், நெருப்பும் இல்லை ஒன்றும் இல்லை, குளிர்ந்த வியர்வைதான் இறங்கியது. சபை எழுந்து நின்று கைதட்டியது, எனக்கு அது பிடித்திருந்தது. அந்த மாதம் முழுக்க நம் வீட்டுக்குப் பீச் பழப் பலகாரமும் வறுத்த கோழியும் தட்டுத் தட்டாக வந்தன, ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பாமல் தின்றேன்.

லூஷியஸ் வளைகுடாப் போரிலிருந்து திரும்பியது முதல் மனசுக்கான மாத்திரையில் இருக்கிறான், அது அவன் மனைவி டெல்ஃபீனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். சபையில் தெரிந்தால் விசுவாசம் இல்லாதவன் என்பார்கள், வெளியே தெரிந்தால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். என் சாட்சிக்குப் பிறகு சபை மீன் விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பிரதர், உனக்கு வந்ததுதான்டா எனக்கும் இத்தனை வருஷமா வந்துக்கிட்டிருக்கு. நான் ஒரு மடையன், மாத்திரை போட்டு ஆவியானவரையே அமுக்கி வச்சிருந்தேன். எல்லாத்தையும் கக்கூஸ்ல கொட்டி தண்ணி ஊத்திட்டேன்" என்றான். முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. நான் வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டு தலையாட்டினேன் லனெட். துப்பிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன்.

போன வியாழன் காலையில் டெல்ஃபீன் கூப்பிட்டாள். இவன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, பூட்ஸோடு குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஆவியானவருக்காகக் காத்திருக்கிறேன் என்கிறான். "நான் உதவின்னு போன் பண்ணினா யார் வருவாங்க, இவரைப் பார்த்ததும் என்ன செய்வாங்கன்னு உங்களுக்கே தெரியும் பிரதர். உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல" என்று அழுதாள். போனேன். தொட்டியில் தண்ணீர் இல்லை, இவன் மட்டும் இருக்கிறான், கண் இரண்டும் குழிக்குள் போயிருக்கிறது, மடியில் வேதாகமம், உடம்பு முழுக்க நடுக்கம். என்னைப் பார்த்துச் சிரித்து, "வந்துட்டார்டா ஆமோஸ், இப்பதான் இறங்குறார்" என்றான். நான் கக்கூஸ் மூடிமேல் உட்கார்ந்து, எனக்கு வந்தது ஆவியானவர் இல்லை, பயம், கடையிலும் அதுதான் வந்தது, சபையிலும் அதுதான் வந்தது என்று சொல்லிவிட்டேன். அவன் வேதாகமத்தை மூடிவிட்டுக் கேட்டான். "மைக்கைப் புடிச்சு பொய் சொன்னியா?" ஆமாம் என்றேன். "கர்த்தர் பேரைச் சொல்லி?" ஆமாம் என்றேன். கையில் கிடைத்த சோப்பைத் தூக்கி எறிந்தான், நெற்றியில் பட்டது, இன்னும் வீங்கியிருக்கிறது, அம்மாவிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் அழுதுகொண்டே, கடையில் என்ன நடந்தது சொல்லு என்றான். சொன்னேன். காரில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது, "ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேலயா?" என்று கேட்டு என் மணிக்கட்டைப் பிடித்தான், "நானும் அப்படித்தான்டா உக்காருவேன்" என்றான். இத்தனை வருஷம் எதிரெதிர் வாசலில் நின்றிருக்கிறோம், ஒருவருக்கொருவர் இதைச் சொன்னதில்லை.

என் காரிலேயே அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த டாக்டர் நம்மவள், உன் வயது இருக்கும், உன்னைப் போலவே தலை பின்னியிருந்தாள். அவனிடம் பொறுமையாகப் பேசி, மாத்திரை திரும்ப எழுதிக் கொடுத்து, மறுநாளே வரச் சொல்லிவிட்டு, நீங்கள் யார் என்று என்னைக் கேட்டாள். கார் ஓட்ட வந்தவன் என்றேன். லூஷியஸ், "டிரைவரெல்லாம் இல்லம்மா, இவனும் என்னை மாதிரி கேஸ்தான், கூச்சப்படுறான்" என்றான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு நாளா சார் இப்படி இருக்கு?" என்று கேட்டாள், குரலில் கேலி இல்லை, சந்தேகமும் இல்லை. அப்படி ஒரு கேள்வியை டாக்டர்கள் யாரும் என்னிடம் அந்தக் குரலில் கேட்டதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா, எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், நல்லாத்தான் இருக்கேன் என்றேன். நண்பனை அந்தத் தொட்டி வரைக்கும் தள்ளியது என் பொய் என்று தெரிந்த பிறகும் அதே பொய். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

லூஷியஸ் இப்போது கொஞ்சம் தூங்குகிறானாம், என்னோடு பேசுவதில்லை. டெல்ஃபீனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், "பொய் சொன்ன அதே மைக்ல உண்மையைச் சொல்லட்டும், அப்புறம் அவனோட வாசல்ல நிக்கிறேன்" என்று. நாளை ஞாயிறு. போதகரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை, இன்னொரு சாட்சி என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார். பேசி முடித்த பிறகு அந்தத் தரை எனக்கு மிஞ்சுமா என்று தெரியவில்லை. ஆனால் என் சாட்சியைக் கேட்டு நம் சபை வரிசைகளில் இன்னும் யார் யார் மாத்திரையைக் கொட்டினார்களோ தெரியாது, அவர்களுக்காவது சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அந்த டாக்டரிடம் தனியாகப் போகப் பார்க்கிறேன்.

கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும் மகளே. நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஆலோசகரிடம் போவதை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே, உன் முட்டாள் அப்பன் சொன்னதை மனதில் வைக்காதே. எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்டாளே, அவளிடம் சொல்லாத பதிலை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நீ பதினாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாயே, பிரேக் எது என்று காட்டுவதற்கு முன்பே, போலீஸ் நிறுத்தினால் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது என் கையைப் பார்த்துவிட்டு, "குளிருதாப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நம் ஷ்ரீவ்போர்ட்டில் அது ஆகஸ்ட் மாத வெயில் லனெட், யாருக்கும் குளிராது.

உன் அப்பா,
ஆமோஸ்