இல்லாத காலின் வலி

இன்று காலை வளப்பூரில் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் முழங்காலில் வலித்தைலம் தேய்த்தார். அந்த நெடி ஏறியதும் என் இடது கெண்டைக்கால் இறுகியது. நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. என் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை.

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தீர்கள். உடைந்த இடது கால் சீழ் பிடித்து, நாமக்கல் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீடு வந்த பிறகு ஒருநாள், அந்த இல்லாத பாதம் வலிக்கிறது என்றீர்கள்.

"கட்டைவிரல யாரோ முறுக்கறாப்பல இருக்குது புள்ள."

பார்க்க வந்த உங்கள் அண்ணன் வாசலில் நின்று, "இல்லாத காலு எப்படி வலிக்கும்? மனசு கெட்டுப்போச்சு" என்றார். அது உங்கள் காதில் விழுந்தது. அதன்பின் வலி வரும்போதெல்லாம் போர்வை ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா நம்பினார். "கால்தான் போச்சு. மூளைக்குள்ள அந்தக் காலுக்குன்னு இருக்கிற இடம் போகலை. நடிப்பில்லை, நெஜமான வலி" என்றார். என் வீட்டுக்காரருக்கு வலித்தால் எனக்கும் அதே இடத்தில் பிடிக்கிறது என்று தயங்கியபடி சொன்னேன். "வேண்டியவங்க துடிக்கிறதப் பாத்தா, வலிக்கிறப்ப வேலை செய்யற இடங்கள்ல சிலது நம்ம மூளையிலயும் முழிச்சுக்கும். சில பேருக்கு அது உடம்புலயே தெரியும்" என்றார்.

ஒரு சாயங்காலம் உங்கள் எதிரில் உட்கார்ந்து என் காலுக்கு நானே தைலம் தேய்த்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நிறுத்தாத புள்ள. இன்னுங் கொஞ்சம் கீழ."

என் காலைத் தேய்க்கத் தேய்க்க உங்கள் முகம் தளர்ந்தது. நம்ப முடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்துதான் என்னால் வீட்டை விட்டு நகர முடியாமல் போனது.

என் தங்கை மகள் கல்யாணத்துக்கு, "நீ போயிட்டு வா, நான் சமாளிச்சுக்கறேன்" என்று அனுப்பிவைத்தீர்கள். மலைப்பாதையில் பஸ் நாலைந்து கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் என் கால் இழுத்துக்கொண்டது. நீங்கள் துடிப்பதாகவே நினைத்து இறங்கி, மேலே வந்த பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டில் நீங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கண்விழித்து, பட்டுச்சேலையோடு நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

"உன்னையுஞ் சேத்துக் கட்டிப்போட்டுட்டனே சாமி."

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன பிறகு, இன்றுதான் அந்த வலியைப் பற்றி ஒருத்தி என்னிடம் கேட்டாள். பஸ் ஏறியதே அவளைப் பார்க்கத்தான். நம் மலையிலேயே வாழவந்தி நாட்டுப் பக்கத்துப் பெண். லாரி ஏறி அவள் வீட்டுக்காரருக்குக் கால் போய்விட்டது என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

"நடிக்கிறாராங்க்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இல்ல கண்ணு. நெசமாலுமே வலிக்குது."

அவர் எதிரில் அவளை உட்காரவைத்து, தன் காலைத் தானே தேய்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் பெருமூச்சு விட்டார். அவள் முகம் மலர்ந்தது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிளம்பும்போது, "அப்பப்ப வீட்ட விட்டு வெளிய போயிட்டு வா. ஒண்ணும் ஆயிராது" என்றேன்.

தேய்க்கிற கையை எடுக்காமலே, "எப்படிங்க்கா போறது?" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கையில் மறுபடி கால் பிடித்தது. உங்கள் வலியா, அந்த மனிதருடையதா, அவளுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த வலியோடேயே நொண்டி நொண்டி பஸ்ஸில் ஏறினேன்.