உயரமான புகைபோக்கி

அன்பு மகனுக்கு,

உன் மின் நிலையத்துப் புகைபோக்கியின் படம் வந்தது. உயரம் அதிகம், அதனால் ஊருக்குள் புகையே இறங்காது என்று எழுதியிருக்கிறாய். தாம்பரத்தில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவளிடமா இந்தக் கதை? மேலே போனது எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்.

உன் ஊரிலிருந்து எல்லை தாண்டி அடுத்த நாட்டில் இருக்கும் உன் தங்கை எப்சி போன் செய்தாள். "இங்க பெய்றது ஆசிட் மழைம்மா. ஏரியில ஒரு மீன்கூட இல்ல. காத்து அண்ணன் ஊர்ப் பக்கத்துலேருந்துதான் வருது," என்றாள்.

அப்பாவை அடக்கம் செய்த வாரம் தாம்பரம் வீட்டுக்காக நீயும் அவளும் சண்டை போட்டுக்கொண்டீர்கள். நாலு வருஷமாக உங்களுக்குள் எதுவும் போய்வரவில்லை என்று நினைத்திருந்தேன். உன் புகை மட்டும் தவறாமல் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய். தாம்பரம் வீட்டுப் பேச்சை எடுக்காதே. அங்கே மழை பெய்கிறதா என்று மட்டும் கேள்.

அம்மா