சாகாவரத்துக்கு ஒரு வேலை

மார்ச் 4, செவ்வாய்

சாகாவரம் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. கல் உடைக்கும் கிரஷருக்குள் கல்லோடு கல்லாக வந்து விழுந்த கம்பி, கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். சாகாவரம் என்பது ஃபிட்டர் வைத்த பெயர். அறுக்க முடியவில்லை, உருக்க முடியவில்லை, வைர ரம்பம்தான் வீணாய்ப் போனது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை எதற்காவது பயன்படுத்தியே ஆக வேண்டுமாம். மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார். இங்கே இன்ஜினியர் நான்தானே.

மார்ச் 6, வியாழன்

சம்மட்டி முனையாக வைத்தால் பிடி தெறிக்கும். அச்சாக்கினால் பேரிங் தேய்ந்து மாவாகும். கூர் தீட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. அது உடையாது, சரி. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது உடையுமே? காகிதம் பறக்காமல் மேலே வைக்கலாம் என்கிறார் ஃபிட்டர். இதுவரை வந்ததில் உருப்படியான யோசனை அதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். கிரஷரின் பெரிய சக்கரத்தையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் ஷியர் பின் இருக்கிறதே, சாகாவரமும் அதே அளவு. கல்லோடு இரும்பு வந்து, கல்லை நொறுக்கும் தாடையில் சிக்கினால் அந்தப் பின் பட்டென்று முறியும், மெஷின் தப்பிக்கும். முறிவதற்காகவே வைத்த பின் அது. அவருக்கோ அது அடிக்கடி முறிவதுதான் வயிற்றெரிச்சல். இதை மாட்டினால் மெஷின் நிற்கவே நிற்காதாம்.

எடுத்துச் சொன்னேன். உடையாத பொருளைப் பார்த்துப் பயப்படும் ஒரே இன்ஜினியர் நான்தான் என்று சிரித்தார். எல்லாரும் கூடச் சிரித்தார்கள். அந்த கிரஷரை ஓட்டுவது என் தம்பி.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னால், அவனும் மேனேஜர் கட்சி. "பின் முறியறப்பெல்லாம் தாடைக்குள்ள படுத்து இரும்பத் தோண்டி எடுக்கறது யாரு, நீயா? எவனாவது தெரியாம சுவிட்சப் போட்டா நான் காலிதான்க்கா."

அதுவும் நிஜம்தான்.

மார்ச் 14, வெள்ளி

மாட்டிவிட்டார்கள்.

மார்ச் 17, திங்கள்

நிற்காமல் ஓடுகிறது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. டம்மென்று சத்தம் கேட்டால் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன். "வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று தம்பி கிண்டல் செய்கிறான். இது பயம்தானா? இல்லை, மேனேஜர் சொன்னது சரியாகிவிடுமோ என்ற எரிச்சலா?

மார்ச் 20, வியாழன்

போச்சு. மண்வாரி மெஷினோட இரும்புப் பல் ஒண்ணு கழண்டு கல்லோட வந்திருக்கு. பின் முறியல. அச்சு முறிஞ்சிடுச்சு. சக்கரம் மூடியப் பிச்சுக்கிட்டு, தம்பி நிக்கற இடத்துலயே போய் விழுந்திருக்கு — அவன் தண்ணி குடிக்கப் போயிருந்தான். தண்ணி குடிக்கத்தான் போயிருந்தான். தாகம் எடுக்கலன்னா? எழுத முடியல.

மார்ச் 21, வெள்ளி

சாகாவரத்தில் ஒரு கீறல் இல்லை. பாவி.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சனியனை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைக்கச் சொல்லிவிட்டார். நான் தொலைக்கவில்லை, மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சுவிட்சைப் பற்றித் தம்பி சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. முறிய வேண்டிய இடத்தில் போய் இதை வைத்தோமே, முறியவே கூடாத இடம் எது?

ஏப்ரல் 8, செவ்வாய்

புது அச்சு வந்து மாட்டியாகிவிட்டது. பழையபடி சாதாரண இரும்புப் பின். அச்சின் மறுமுனையிலும் மெஷினின் சட்டத்திலும் நேருக்கு நேர் துளை போடச் சொன்னேன். யாராவது தாடைக்குள் இறங்கும் முன் சாகாவரத்தை அதில் குறுக்கே சொருக வேண்டும். அப்புறம் எவர் சுவிட்சைப் போட்டாலும் அச்சு சுற்றாது, தாடை அசையாது. கணக்குப்படி அசையாது.

ஒரு வேலைக்கு இரண்டு வேலையா என்று தம்பி மூக்கால் அழுகிறான். சொருகாமல் இறங்கினால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றேன். அவன் மறந்துவிட்டால்?

ஏப்ரல் 16, புதன்

மறக்கவில்லை.

மதியம் ஒரு போல்ட் சிக்கிப் பின் முறிந்தது. புதுப் பின் மாட்டிவிட்டு, சாகாவரத்தைச் சொருகிவிட்டு, போல்ட்டை எடுக்க உள்ளே இறங்கியிருக்கிறான். சாப்பிட்டுவிட்டு வந்த ஃபிட்டர், மெஷின் சும்மா நிற்கிறது என்று சுவிட்சைப் போட்டுவிட்டார். நான் வாசலிலிருந்து பார்க்கிறேன். படாரென்று அந்தப் புதுப் பின்னும் முறிந்தது. அச்சைச் சாகாவரம் பிடித்துக்கொள்ள, சக்கரம் மட்டும் தனியே சுற்றியது. தாடை இருந்த இடத்தில் இருந்தது.

தம்பி ஏறி வந்து ஓரமாக உட்கார்ந்தான். ஃபிட்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேனேஜர் எட்டிப் பார்த்து, "மறுபடியும் பின் போச்சா?" என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

இருவருமே லீவ். தம்பி அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறான். நான்தான் சும்மா இருக்க முடியாமல், போய்ப் போய் அவன் மூக்குக்கிட்டே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தடவை கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "இருக்கேன்க்கா. போ."