நாற்பத்திரண்டாவது பெயர்

மார்ச் 4
பெரியவரின் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். மறியலுக்கு மூன்று நாள் முன்பே அன்னிய அரசின் போலீசுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுவது அவர் வழக்கம். இடம், நேரம், உட்காரப்போகிறவர்களின் பெயர்கள். "ஒளிக்கிறவன் பயப்படறான். பயப்படறவன்தான் கை ஓங்குவான்" என்கிறார். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது.
பேர் பதிவதும் பட்டியல் போடுவதும் என் வேலை. நாற்பத்திரண்டு பேர். கடைசிப் பெயர் தம்பியுடையது.

மார்ச் 5
பத்தொன்பது வயது அவனுக்கு. அடித்தே கொன்றுவிட்டால்?
கடைசிப் பக்கத்தை மாற்றி அடித்தேன். நாற்பத்தொன்று. "உன் பேரைப் பெரியவரே எடுத்துட்டார்டா" என்று அவனிடம் சொன்னேன். பெரியவர் படிக்காமலே கையெழுத்திட்டார். என்மேல் அத்தனை நம்பிக்கை.

மார்ச் 7
தம்பி மறியலுக்குப் போயிருக்கிறான்.
இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாராம். நாற்பத்தொரு பேரையும் பூப்போல வண்டியில் ஏற்றினார்களாம். மிஞ்சியவன் 'கலகம் செய்ய வந்த வெளியாள்'. முழங்கையை உடைத்திருக்கிறார்கள். பட்டியலில் இருந்திருந்தால் —

மார்ச் 8
"அவன் பேர் மட்டும் எப்படிடா விட்டுப்போச்சு?" அம்மா. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 19
நீதிமன்றம். தம்பியைக் காட்டி, இவன் உங்கள் ஆளா என்று கேட்டார்கள். "பையனைத் தெரியும். ஆனா நான் அனுப்பினவன் இல்லை" என்றார் பெரியவர். பொய் சொல்லமாட்டார். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்கவில்லை.
மற்றவர்களுக்குப் பத்து நாள். தம்பிக்கு இரண்டு வருடம்.

மார்ச் 20
பெரியவரிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தின் நகலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகு, "படிக்காம கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னோடது." நீதிபதிக்கு உண்மையை எழுதினார். நாளை முதல் ஐந்து நாள் உண்ணாவிரதம்.

மார்ச் 23
வாசலில் ஜனக்கடல். என் பொய்க்கு அவர் மெலிகிறார், ஊரே அழுகிறது. அந்த முழங்கை எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு நாதி இல்லை.

மார்ச் 29
நீதிமன்றத்தின் பதில் ஒரே வரி: தீர்ப்பில் மாற்றமில்லை. மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அன்னியர் மன்றத்தில் வாதாடக் கூடாது என்பது பெரியவரின் கொள்கை. சிறையில் தம்பியைக் கெஞ்சிப் பார்த்தேன். "வக்கீலெல்லாம் வேண்டாம். நம்ம ஆளுங்க யாரும் வச்சுக்கறதில்லை." நம்ம ஆளுங்க என்கிறான், இப்போதும். 'அண்ணா' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஜூன் 11
அடுத்த மறியலுக்கு ஆள் சேர்க்கிறோம். வரிசை தெருவரை. தலைநிமிராமல் "பேர்?" என்றேன். பதில் இல்லை. நிமிர்ந்தேன். அம்மா. மூன்று மாதமாக என்னோடு பேசாதவள்.
"என் பேர் உனக்குத் தெரியும். எழுது. நான் நின்னு பார்க்கறேன்."