வரைபட மேசையில் ஒரு நாற்காலி நிலைக்க வேண்டி

அனுப்புநர்
சாரம் கட்டும் மேஸ்திரி,
புதிய பள்ளிக் கட்டடப் பணி.

பெறுநர்
கட்டடத் திட்ட ஒப்புதல் அலுவலர்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வடிவமைப்பின்போதே பாதுகாப்பைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் பதவியை நீக்கும் முடிவைக் கைவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேற்று திறக்கப்பட்ட நான்கு மாடிப் பள்ளிக்கு முதல் சாரக்கம்பை நட்டவனும் கடைசிக் கம்பைக் கழற்றியவனும் நான். பதினான்கு மாதங்களில் இருநூறு பேர் ஏறினோம். இருநூறு பேரும் எங்கள் காலாலேயே இறங்கினோம்.

2. முந்தைய வேலை ஒன்றில், கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடியைத் துடைக்கப் போன என் மைத்துனர், அது உடைந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று விசாரணையில் எழுதினார்கள். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கம்பிகூட இல்லை என்பதை யாரும் எழுதவில்லை.

3. பள்ளி வெறும் காகிதமாக இருந்தபோதே ஒருங்கிணைப்பாளர் அம்மா எங்களையும் கூட்டத்துக்கு அழைத்தார். வாய் திறக்கக் கூடாது என்றுதான் போனேன். வரைபடத்தில் அதே மாதிரிக் கூரைக் கண்ணாடி. “இதைத் துடைக்கிறவர் எங்கே நிப்பார், சார்?” என்று கேட்டுவிட்டேன். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆர்க்கிடெக்ட். அம்மா பேனாவை மூடிவைத்தார். “பதில் வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

4. பதினோரு நாள் இழுபறி. முடிவில் கூரைக் கண்ணாடி சுவரில் சன்னலாக மாறியது. உள்ளே நின்றே துடைக்கலாம். மொட்டைமாடிச் சுவர் நெஞ்சளவு உயர்ந்தது. கூரையின் இரும்புச் சட்டங்களைத் தரையிலேயே பூட்டித் தூக்கினோம். நான்கு வாரம் உயரத்தில் தொங்க வேண்டிய வேலை இரண்டே நாளில் முடிந்தது. திறப்பு விழாவில் ஆர்க்கிடெக்டே அந்தச் சன்னல்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் வந்திருந்த என் மைத்துனர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுல நாம ஜெயிச்சுட்டோம், மாமா” என்றார்.

5. இப்போது, விபத்து எதுவும் நிகழாததால் அப்பதவி தேவையற்றது எனத் தங்கள் அலுவலகக் குறிப்பு கூறுவதாக அறிகிறேன். ஐயா, விபத்து நிகழாமல் பார்த்துக்கொண்டதே ஒருங்கிணைப்பாளர் அம்மாவுடைய வேலை.

6. புதிய சந்தைக் கட்டடத்தின் வரைபடம் திங்கட்கிழமை தங்கள் மேசைக்கு வருகிறது. அவர் கையெழுத்தின்றி அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டாம் எனப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு அழைத்தால் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருவேன். வரைபடம் படிக்க இப்போது எனக்குத் தெரியும்.

நாள்: ஜூன் 12
இடம்: பள்ளி வளாகம்

மரியாதையும் நம்பிக்கையும் குறையாமல்,
(ஒப்பம்)
சாரம் கட்டும் மேஸ்திரி
உடன் கையெழுத்திட்டோர்: என் குழுவினர் பதினேழு பேர்