வாசிக்கப்படாத மூன்றாவது ஓலை

அன்பில் குறையாத லூர்து அக்காவுக்கு,

நாம் சேர்ந்து எழுதிய புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள். மறுபதிப்பின் அட்டையில், கொலையுண்ட செசிலியை ‘இருவரை ஏமாற்றிய அழகி’ என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய கடைசி அத்தியாயம் இல்லை. உங்கள் பெயரும் இல்லை. அதற்கு இடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. பதிப்பகத்துப் பெண், “படிச்சுச் சொல்லட்டா அங்கிள்?” என்று கேட்டாள். “பழைய கோர்ட்டுக் கேஸெல்லாம் படிச்சவன்மா நான். எனக்குத் தெரியும்லா” என்றேன். மாற்றவும் சுருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று நாலாம் பக்கத்தில் இருந்ததாம். பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அகராதியை வைத்து ஆங்கிலம் கற்றவன். தெரியாது என்று சொல்ல மட்டும் கற்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என் முதுகில் ஒன்று வைத்திருப்பீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் நம் தீவைப் பிடிப்பதற்கு முன்னால், ஜார்ஜ் டவுனில் சலவைக் கடையில் இஸ்திரி போட்ட பெண் செசிலி. பக்கத்து வீட்டுக்காரன் கழுத்தை நெரித்தான். “எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவனோடு ரகசியமாகப் பழகினாள்” என்றான். நீதிமன்றம் நம்பியது. தூக்குக்குப் போக வேண்டியவன் சில வருடங்களில் வெளியே வந்தான்.

நானும் நம்பினேன், அக்கா. மாதா கோயில் கல்யாணப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினேன். அவள் பெயர் இல்லை. அந்த இன்னொருவனோடு நிச்சயமே நடக்கவில்லை என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள்.

“ஏன் தம்பி, செத்துப்போனவ எப்படிக் கல்யாணப் புத்தகத்துல இருப்பா? ஓலைப் புத்தகத்தைக் கேட்டியா?”

“அது என்ன புத்தகம்?”

“சரியான மாரியம்மன் கோயில் ஆளு! எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில பேரைச் சொல்லி ஓலை வாசிப்பாங்க. தடை இருந்தா யாரும் சொல்லலாம்.”

அந்தப் புத்தகத்தில் அவள் பெயர் இருந்தது. மாப்பிள்ளையாக அந்த இன்னொருவன் பெயரும் இருந்தது. முதல் ஓலை, இரண்டாம் ஓலை. மூன்றாவதற்கு நேரே வெறும் கோடு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுக்காரன் அவளைக் கொன்றான். ஒரு ஞாயிறு பூசையைக்கூடத் தவறவிட்டதில்லை என்று நீதிமன்றத்தில் அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் இரண்டு முறையும் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை. இதில் எங்கே இருக்கிறது ரகசியம்?

பூசைக்கு வந்த ஊருக்கெல்லாம் தெரிந்திருக்குமே. ஒருவரும் ஏன் சாட்சி சொல்லவில்லை?

இதையெல்லாம் சொன்ன உங்கள் அத்தியாயத்தைத்தான் வெட்டிவிட்டார்கள். ஃபோன் போட்டுக் கேட்டேன். “விறுவிறுப்பு இல்லை அங்கிள்” என்றார் முதலாளி.

போன வாரம் தெரசா ஃபோன் பண்ணினார். செசிலியின் தங்கை மகள், புக்கிட் தெங்காவில் இருக்கிறாரே, அவர்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வாசலில் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். “அண்ணே, இதுக்கா எங்க பெரியம்மா படத்தைக் கொடுத்தேன்? லூர்து அக்கா முகத்துக்காகத்தானே கொடுத்தேன்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதார்.

படத்தை வாங்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “ஒரு சொல் தப்பா வராதும்மா, நான் பொறுப்பு.” அந்த வாக்கை நான் கெடுத்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எங்கே வருவது?

இனி நடக்க வேண்டியது இது. பதிப்பகம் அந்த அட்டையைக் கிழிக்க வேண்டும். உங்கள் அத்தியாயத்தையும் பெயரையும் திரும்பப் போட வேண்டும். கடைக்காரர்கள் அதுவரை புத்தகத்தை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். வாங்கிப் படித்தவர்கள், படித்ததை நம்பக் கூடாது. தெரசா எதுவும் செய்ய வேண்டியதில்லை, என்னை மன்னிக்கவும் வேண்டியதில்லை.

மிச்சம் என் வேலை. கல்லறைத் திருநாளன்று நீங்கள் வருடா வருடம் ஏற்றிய மெழுகுவர்த்தியை இந்த முறை நான் கொண்டுபோவேன். ஊரே கூடியிருக்கும். செசிலியின் கல்லறைக்கு முன்னால் நின்று, அந்த மூன்றாவது ஓலையை உரக்க வாசிப்பேன். தடை சொல்ல ஆள் இருந்தால் வந்து சொல்லட்டும்.

வேறு சாமி கும்பிட்டாலும்
உங்கள் தம்பி,
முனியாண்டி